எடைப்படி இல்லாத பின்வாசல்

பதினோரு வருடமாக வீடு வீடாகப் போய்க் கசிவு பார்க்கிறேன். ஒரு வீட்டிலும் என்னைக் கழிவறைக்குப் போகச் சொன்னதில்லை. கழிவறைக் குழாயைக் கழற்றச் சொல்வார்கள். தொட்டிக்குள் தலையை விட்டு மோந்து பார்க்கச் சொல்வார்கள். அவர்கள் குளித்த தண்ணீர் போகிற வழியெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் "அவசரம்னா போயிட்டு வாங்க" என்று ஒருத்தர் வாயிலிருந்தும் வந்ததில்லை. அதனால் காலையில் அரை டம்ளர் காப்பியோடு நிறுத்திக்கொண்டு கிளம்புகிறவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபமாகத்தான் இதைச் சொல்லப் போகிறேன், அதற்குப் பழைய காரணமும் இருக்கிறது, புதிய காரணமும் இருக்கிறது.

என் பெயர் கௌசல்யா. மடை இல்லங்கள் என்கிற கம்பெனியில் வேலை. கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் அறுபத்திரண்டு வீடுகள் கட்டி விற்றிருக்கிறார்கள். மழை பொய்த்து அது மூன்றாம் வருடம். ஊருக்குள் மூன்று நாளைக்கு ஒருமுறை லாரி வரும், வீட்டுக்கு எட்டுக் குடம். இந்த அறுபத்திரண்டு வீட்டுக்கும் லாரி வேண்டாம், கிணறு வேண்டாம், குழாயும் வேண்டாம். குடியேறும் அன்று தொட்டியை ஒருமுறை நிரப்பினால் போதும், அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். குளித்தது, துவைத்தது, கழிவறையில் போனது, சோறு வடித்த ஆவி, தூங்குகிறவர்கள் விடுகிற மூச்சு, எல்லாவற்றையும் வீடு திரும்ப வாங்கிக்கொள்ளும். சுவருக்குள் ஈரவாங்கி என்று ஒரு பட்டை ஓடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிச் சுத்தம் செய்து தொட்டிக்கு அனுப்புவது அதன் வேலை. ஈரம் வெளியே போய்விடக் கூடாது என்பதால் சன்னல்கள் திறக்காது.

முன்வாசலில் ஒரு எடைப்படி உண்டு. பார்க்கச் சாதாரணக் கல்படி மாதிரிதான் இருக்கும். வீட்டு ஆட்கள் வெளியே போகும்போதும் திரும்பி வரும்போதும் அது எடை பார்த்துக்கொள்ளும். யார் எவ்வளவு தண்ணீரை உடம்பில் சுமந்துகொண்டு போனார்கள், எவ்வளவு கொண்டு வந்தார்கள் என்று வீட்டுக்குத் தெரிய வேண்டுமே.

இதில் பதினேழாம் எண் வீடுதான் முதலில் கட்டியது. நவநீதன் என்கிற கட்டட வடிவமைப்பாளர் தன் குடும்பத்துக்காக வரைந்த வீடு. மற்ற அறுபத்தொன்றும் அதன் நகல். மண் சுவர், ஆத்தங்குடிக் கல், எங்கோ இடித்த பழைய வீட்டிலிருந்து வாங்கி வந்த தேக்குக் கதவு. கதவுக்குப் பக்கத்தில் செப்புத் தகட்டில் பொறித்து வைத்திருந்தார்: "உண்மையான, யோசித்துக் கட்டிய, தண்ணீரின் அருமை அறிந்த குடும்ப வீடு." அதற்குக் கீழே, போன வருடம் கிடைத்த விருது: "நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் மிச்சம் தரும் இல்லம்." நான்கு பேர் புழங்கி, செலவாகிற தண்ணீரெல்லாம் போக, காற்றிலிருந்தே ஒன்றரை லிட்டர் கூடுதலாகச் சேர்க்கிறதாம். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த வீட்டில்தான் கசிவு என்று எனக்கு அழைப்பு வந்தது. மூன்று வாரமாக மிச்சம் ஒன்றரையிலிருந்து ஒரு லிட்டராகக் குறைந்திருந்தது. நாள் தவறாமல் அரை லிட்டர் எங்கோ போகிறது.

காலை எட்டரைக்குத் தொடங்கினேன். தொட்டி, வடிகட்டி, மூன்று கழிவறை, சமையல்கட்டு, மொட்டை மாடி என்று எல்லா இணைப்பையும் துடைத்துக் காகிதம் ஒட்டிப் பார்த்தேன். ஒரு காகிதமும் நனையவில்லை. பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். நவநீதனும் அவர் மனைவி அபிராமியும் முன்னறையில் குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு கணினியில் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற அறைகளில் குளிரூட்டி தானாகவே நின்றுவிட்டது. வீட்டுக்காரர்கள் இல்லாத அறையைக் குளிர வைக்கக் கூடாது என்பது வீட்டின் சட்டம். அந்த வெந்து கிடந்த அறைகளில் ஒரு பெண் முழங்காலிட்டுக் கல் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தெட்டு நாற்பது வயதிருக்கும். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"நீங்க கசிவு பார்க்க வந்தவீங்களாக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மிணி. உன்ற பேரென்ன?"

"சுகன்யாங்க. இங்க நாலு வீடு பண்றனுங்க. இதுலதான் வேலை ஜாஸ்திங்க, மத்த மூணும் சாயங்காலமுங்க."

அவ்வளவுதான் பேசினோம். பதினொன்றரைக்கு நவநீதன் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர் மாதிரிதான் பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார்.

"மேடம், குழாயில ஒண்ணும் இல்லைல்ல? எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இதைப் பாருங்க."

கணினியில் ஒரு படம் ஓடவிட்டார். சமையல்கட்டுப் பின்பக்கம், பின்வாசலை ஒட்டிய குழாய். சுகன்யா ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறாள். மணி பத்தேகால். அடுத்தது மணி பன்னிரண்டரை. மறுபடி ஒரு டம்ளர். இருபது நாளின் படங்களைத் தேதி போட்டு அடுக்கி வைத்திருந்தார்.

"ரெண்டு டம்ளர். கிட்டத்தட்ட அரை லிட்டர். அதைக் குடிச்சுட்டு ரெண்டு மணிக்கு வெளிய போயிடறாங்க. அந்தத் தண்ணி திரும்பி வர்றதில்ல. நான் யாரையும் குத்தம் சொல்ல வரல மேடம். டேட்டா சொல்றதைச் சொல்றேன்."

 ஒரு ஆள் தண்ணீர் குடிப்பதை இருபது நாள் படம் பிடித்து வைத்திருக்கிறார், அதைக் குத்தம் சொல்லவில்லையாம்.

"சார், வெக்கையில வேலை செய்யற பொம்பள ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்க மாட்டாங்களா?" என்றேன்.

"கண்டிப்பா குடிக்கணும். அது மனித உரிமை. நான் அவங்களை வேலைக்காரின்னு கூடச் சொல்றதில்ல, உதவியாளர்னுதான் சொல்றேன். பிரச்சினை குடிக்கறதுல இல்ல, கொண்டு போறதுல. இந்த வீட்டோட தத்துவம் ரொம்ப எளிமை மேடம். உள்ள வரும்போது என்ன எடையோ, வெளிய போகும்போதும் அதே எடை இருக்கணும். யாரும் எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது, யாரும் எதையும் இழக்கவும் கூடாது. அதனால ஒரு தீர்வு யோசிச்சேன்."

சுகன்யாவைக் கூப்பிட்டார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள்.

"சுகன்யா, உள்ள வரும்போது என்ன எடையோ, வெளிய போகும்போதும் அதே எடை இருக்கணும், அதனால இனிமே நீங்க இங்க டாய்லெட் யூஸ் பண்ணலாம். பண்ணலாம்னு இல்ல, பண்ணணும். கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை. சரியா?"

"கீழ் டாய்லெட்டைக் குடுத்துடறேன்," என்றாள் அபிராமி. "தனியா ஒரு பக்கெட், ஒரு மக் வெச்சுடறேன். பசங்க அந்தப் பக்கம் வர மாட்டாங்க."

சுகன்யாவுக்கு முதலில் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு மேசையில் ஓடிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்தாள். தான் தலையை அண்ணாந்து தண்ணீர் குடிப்பதைத் தானே பார்த்தாள். முகம் கன்றிப்போயிற்று.

"குடிச்சதைத் திருப்பிக் குடுத்துட்டுப் போகோணுமுங்களா சார்?"

"அப்படி இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க."

"பதினாலு மாசமா இங்க வர்றனுங்க. மொத நாளே அபிராமியக்கா சொல்லிப்போட்டாங்க, டாய்லெட்டுக்கு கேட்டுல வாட்ச்மேன் ரூமுக்குப் போகோணும்னு. போக வர ரெண்டு கிலோமீட்டருங்க. வேலை கெட்டுப்போகும்னு அடக்கிட்டே இருந்தனுங்க. அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலீங்களே."

அபிராமி கணினியைப் பார்த்துக்கொண்டாள். நவநீதன், "அதைத்தான் இப்ப மாத்தறோம்" என்றார். தான் பெரிய காரியம் செய்துவிட்டதாகவே அவர் நினைத்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

அதற்குள் என் மேலதிகாரி பிராங்க்ளின் சாரிடமிருந்து அழைப்பு. வீட்டுக்காரர் முன்பே அவரிடம் பேசிவிட்டார் போலிருக்கிறது.

"கௌசல்யா, குழாய் ஓகேதானே? அப்ப 'ஆள்வழிக் கசிவு'ன்னு எழுதி அந்தம்மா பேரைப் போட்டு அனுப்பிடுங்க."

"அப்படி எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும் சார்."

"கேட்டுல பேர் ஏறும். அவ்வளவுதான."

அவ்வளவுதானாம். கேட்டில் பேர் ஏறினால் அறுபத்திரண்டு வீட்டிலும் அவள் காலெடுத்து வைக்க முடியாது. நாலு வீட்டு வேலையும் அன்றோடு போகும். மலையடிவாரத்தில் வேறு வேலை எங்கே இருக்கிறது? தோட்டமெல்லாம் காய்ந்து போனதால்தானே இவர்களுக்கு இவ்வளவு இடம் மலிவாகக் கிடைத்தது.

"அளக்காம நான் எழுத மாட்டேன்," என்றேன்.

"என்னத்த அளக்கறது?"

"ஆளை அளக்கணும் சார். கசிவுன்னா உள்ள எவ்வளவு, வெளிய எவ்வளவுன்னு ரெண்டும் வேணும். உங்ககிட்ட ரெண்டுமே இல்ல. அந்தப் பொண்ணு வர்றது பின்வாசல்ல. பின்வாசல்ல எடைப்படி இல்ல."

 எனக்கே அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு யோசித்துக் கட்டிய வீடு, மூச்சுக் காற்றைக்கூட விடாமல் வாங்கிக்கொள்கிற வீடு, அதற்கு ஒரு பின்வாசல் வைத்திருக்கிறார்கள், ஏன் வைத்தார்கள்? பழைய வீட்டில் வேலைக்காரர்களுக்குப் பின்வாசல் இருந்தது, அதனால் உண்மையான வீடு என்றால் இதிலும் இருக்க வேண்டும். சரி, வைத்தாயிற்று. அந்த வாசலில் எடைப்படி வைக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த வழியாக வருவது ஆள் என்றே வரைபடத்தில் இல்லை. அறுபத்திரண்டு வீட்டிலும் இதே கதைதான்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு நான் கேட்டிலேயே காத்திருந்து சுகன்யாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நடக்கும்போது கேட்டேன்.

"மூணு வாரமாத்தான் தண்ணி குடிக்கறியாம்மிணி? அதுக்கு முன்னால?"

"குடிக்க மாட்டனுங்க்கா. குடிச்சா டாய்லெட் வருமில்லைங்க. அதுக்காக வூட்டுலயே காத்தால ரெண்டு சொம்பு குடிச்சு, போயிட்டு, அப்பறம் வேலைக்கு வந்துருவேன். எட்டுக் குடத்துல ரெண்டு சொம்பு எனக்குன்னு எடுத்துக்குவேன். பையன் கூடத் திட்டுவான், நீ மட்டும் இத்தனை குடிக்கறேன்னு."

"இப்ப என்ன ஆச்சு?"

"கல்லுங்க. கிட்னில. போன மாசம் வலி தாங்காம ஆஸ்பத்திரிக்குப் போனனுங்க. ஒண்ணுக்கை அடக்காதே, தண்ணி நெறையக் குடி, இல்லைன்னா ஆபரேஷன்தான்னு சொல்லிப்போட்டாங்க. அதுதான் ரெண்டு டம்ளர் குடிச்சனுங்க. அந்த டம்ளர் கூட எனக்குன்னு பின்னால வெச்சிருக்கறதுதானுங்க. அவங்க டம்ளரைத் தொடலீங்க."

இதை அவள் தன் பக்கத்து நியாயமாகச் சொன்னாள். அவங்க டம்ளரைத் தொடவில்லையாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் மேல் இல்லை, யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை.

பதினேழாம் எண் வீட்டின் முன்வாசலுக்கு வந்ததும் அவள் நின்றுவிட்டாள். பழக்கத்தில் கால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகப் பார்த்தது. நான் கையைப் பிடித்துப் படியில் ஏற்றினேன். பதினாலு மாதத்தில் முதல் முறையாக முன்வாசல். கதவுக்கு மேலே எண் ஒளிர்ந்தது: 53.9. "அறியாத நபர்" என்றது வீடு. அபிராமி கதவைத் திறந்துவிட்டு, "செருப்பை அங்கயே விட்டுடு" என்றாள். நான் செருப்பில்லாமல் மறுபடி ஏறச் சொன்னேன். 53.6.

"இவங்க வழக்கம்போல வேலை செய்யட்டும். வழக்கம்போல ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்கட்டும். சாப்பிட எதுவும் குடுக்க வேண்டாம்," என்றேன்.

"சாப்பிட நாங்க எப்பவுமே குடுக்கறதில்லையே," என்றாள் அபிராமி. எதார்த்தமாகத்தான் சொன்னாள்.

அன்று முழுக்க நான் அந்த வீட்டின் பழைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு மாதம், ஒவ்வொரு நாளும் எவ்வளவு மிச்சம் என்று. திங்கள் ஒன்றரை. செவ்வாய் ஒன்றரை. புதன், வியாழன், வெள்ளி, சனி அப்படியே. ஞாயிறு பூச்சியம். அடுத்த வாரமும் ஞாயிறு பூச்சியம். பொங்கலுக்கு நாலு நாள் சேர்ந்தாற்போல் பூச்சியம்.

"சார், ஞாயித்துக்கிழமை ஏன் மிச்சமே இல்ல?" என்று நவநீதனைக் கேட்டேன்.

"அன்னிக்கு நாங்க எல்லாரும் வீட்டுல இருக்கோம். கொஞ்சம் தாராளமா புழங்குவோம். அதை நான் கட்டுரையிலேயே எழுதியிருக்கேன்."

"பொங்கலுக்கு?"

"ஊருக்குப் போயிருந்தோம். ஆள் இல்லாத வீட்டுல ஈரம் எங்கிருந்து வரும்?"

"வீட்டுல இருந்தாலும் மிச்சம் இல்ல, வீட்டுல இல்லாட்டியும் மிச்சம் இல்ல. அப்படித்தானுங்க சார்?"

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. இரண்டு மணிக்குச் சுகன்யா வேலை முடித்து வந்தாள். முகம் கழுவவில்லை. கழுவினால் தண்ணீர் செலவு என்று அவளுக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஈரச் சேலையோடு எடை பார்த்தால் சரியாக வராது என்று நான் கொஞ்ச நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தேன். பிறகு படியில் ஏறச் சொன்னேன். நவநீதன், அபிராமி, நான், மூன்று பேரும் நிமிர்ந்து எண்ணைப் பார்த்தோம்.

52.6.

"குறையுது," என்றார் நவநீதன்.

"ஆமாங்க சார். உங்க வீட்டுத் தண்ணி அரை லிட்டர் குடிச்சும் ஒரு கிலோ குறையுது. குடிக்காம இருந்திருந்தா எவ்வளவு குறைஞ்சிருக்கும்?"

அவர் கட்டடம் வரைகிறவர். மனக்கணக்கு வராதவர் இல்லை. 

"நான் சொல்றேன். ஒன்றரை. குளிர் நிறுத்தின ரூம்ல ஆறு மணி நேரம் கல் துடைச்சா வேர்வையும் மூச்சுமாப் போறது அவ்வளவு. அதை உங்க ஈரவாங்கி ஒரு சொட்டு விடாம வாங்கித் தொட்டில சேர்த்துருச்சு. வெளிய மாட்டியிருக்கற தகட்டுல அந்த நம்பர்தான் இருக்குது. அது காத்துல இருந்து வந்த தண்ணி இல்ல சார், இவங்க வேலைக்கு வராத ஞாயித்துக்கிழமையும் பொங்கலும் பூச்சியமா இருக்கறது அதனாலதான். எட்டுக் குடத்துல இந்தப் பொண்ணு தனக்குன்னு எடுத்துக்கிட்ட ரெண்டு சொம்பு. பையன்கிட்டத் திட்டு வாங்கிக் குடிச்சது. இங்க வந்து உங்க தரையில சிந்திட்டுப் போயிருக்குது. அதை நீங்க குடிச்சிருக்கீங்க, குளிச்சிருக்கீங்க, விருதும் வாங்கியிருக்கீங்க. பதினாலு மாசத்துல ஒரே ஒரு தப்புப் பண்ணினாங்க, ரெண்டு டம்ளர் தாகத்துக்குக் குடிச்சுட்டாங்க. அதுக்குப் பேரு கசிவா?"

அபிராமி கையில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. பாதி குடித்திருந்தாள். அதை மெதுவாக மேசையில் வைத்தாள். முகம் வெளிறியிருந்தது. அவளுக்கு எது உறுத்தியது என்று எனக்கு அப்போது நன்றாகத் தெரிந்தது, சொல்லவே வாய் கூசுகிறது. தனி டம்ளர், தனி வாசல், தனி பக்கெட் என்று இத்தனை கவனமாக இருந்துவிட்டு, தினமும் இவள் வேர்வையைத்தான் குடித்திருக்கிறோம் என்பதுதான் அவளுக்கு வந்த அதிர்ச்சி. பிள்ளைகளும் குடித்தார்களே என்று முணுமுணுத்தாள். சுகன்யாவின் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுகன்யா படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "அப்ப நான் ஒண்ணும் எடுத்துட்டுப் போகலீங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"நீ குடுத்துட்டுத்தான் போயிருக்கே."

அவள் கொஞ்ச நேரம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அன்று மாலையே அறிக்கை எழுதி அனுப்பினேன். "கசிவு எதுவும் இல்லை. வீட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஊற்று குறைந்திருக்கிறது. ஊற்றின் பெயர் சுகன்யா." அன்று வந்தபோதும் போனபோதும் பார்த்த எடையும் பதினாலு மாத ஞாயிற்றுக்கிழமைகளும் கீழே சேர்த்திருந்தேன். பிராங்க்ளின் சார் என் மேல் பாய்வார், வேலையே போகும் என்று எதிர்பார்த்துத் தயாராகத்தான் இருந்தேன். அவர் பாயவில்லை. நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டு, "பிரமாதம் கௌசல்யா" என்றார்.

பிரமாதத்துக்கு அர்த்தம் அடுத்த மாதம் புரிந்தது. கம்பெனி புதிய விளம்பரத் தாள் அடித்திருந்தது. வழவழப்பான தாள், மண் சுவர் படம், சிரிக்கிற குடும்பம். "உங்கள் உதவியாளரின் உழைப்பில் ஒரு துளியும் இனி வீணாகாது." உள்ளே விவரம். வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வைத்தால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் உறுதி. இரண்டு ஆள் வைத்தால் மூன்று. அவர்கள் வேலை செய்யும் நேரத்தில் அறை வெப்பம் தானாகவே இரண்டு டிகிரி கூடும். பின்வாசலிலும் எடைப்படி, இந்த மாதம் இலவசம். என் அறிக்கையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு வியாபாரம் செய்துவிட்டார்கள். படித்துவிட்டுத் தாளைக் கிழித்தேன். கிழித்து என்ன ஆகப் போகிறது, அடுத்த நாளே அறுபத்திரண்டு பின்வாசலிலும் எடைப்படி பதிக்கிற வேலை எனக்குத்தான் வந்தது.

முதலில் பதினேழாம் எண். அங்கே போவதற்கே எனக்குக் கூசியது. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு அவளை அளந்து எழுதியவள் நான்தானே. காலையில் படியைப் பதித்து எண் பலகையையும் மாட்டிவிட்டேன். சுகன்யா வந்ததும் அதில்தான் முதலில் ஏறினாள். 53.8. கதவோரம் உட்கார்ந்திருந்த என்னிடம், "இதுல எப்படிக்கா படிக்கறது? புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கறது கிராமுங்களா?" என்று கேட்டாள். சொல்லிக்கொடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீருக்கு எவ்வளவு ஏறும் என்று கேட்டாள். கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

வயரை இழுத்துச் சுவரில் அறைந்து முடிப்பதற்குள் மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. உள்ளே அறைகள் முன்னைவிடச் சூடாக இருந்தன. சுகன்யா வேலை முடித்து வந்தாள், சேலை காய்கிற வரைக்கும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள், பிறகு பின்வாசல் எடைப்படியில் ஏறினாள். 52.2. பையிலிருந்து பெரிய பாட்டில் ஒன்றை எடுத்தாள். வெறும் பாட்டில், எடையே இல்லை. படியில் நின்றபடியே கைக்கெட்டும் குழாயைத் திறந்து அந்த எவர்சில்வர் டம்ளரில் பிடித்துக் குடித்தாள். 52.4. இன்னொன்று குடித்தாள். 52.6. மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவதும் குடித்தாள். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாட்டிலைக் குழாயடியில் பிடித்து நிரப்பி நிரப்பிக் கையில் வாங்கி, எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு நவநீதன் வந்தார். பின்னாலேயே அபிராமி.

"என்ன பண்றீங்க சுகன்யா?"

"நீங்க சொன்னதுதானுங்க சார். உள்ள வரும்போது என்ன எடையோ, வெளிய போகும்போதும் அதே எடை இருக்கோணும்னு சொன்னீங்க. காத்தால அம்பத்து மூணு புள்ளி எட்டுங்க. இன்னும் கொஞ்சம் ஏறோணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இதை யாரு சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதானுங்க சார்," என்றாள் மறுபடி. "மத்த மூணு வூட்டுலயும் இனி இப்படித்தானுங்க. எங்க லைன் வூடுகள்ல இருந்து இங்க வேலைக்கு வர்ற எல்லாத்துக்கும் சொல்லிப்போட்டேன்."

"இப்படி எல்லாரும் எடுத்துட்டுப் போனா இந்த வீட்டுக்கு மிச்சம்னு ஒண்ணுமே இருக்காது."

"ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்குமுங்க சார்," என்றேன் நான்.

அவருக்குக் கோபம் வந்தது. முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. இது அடிப்படையே தெரியாத பேச்சு, கம்பெனியிடம் சொல்கிறேன் என்றார். சொல்லட்டும். அவளை நிறுத்த முடியாது என்று அவருக்கும் தெரியும். அவளை நிறுத்திவிட்டு வேறு ஆள் வைத்தால் அவளும் இதே படியில்தான் ஏற வேண்டும். ஆளே வேண்டாம் என்றால் வெளியே தகட்டைக் கழற்ற வேண்டும்.

எண் 53.8-ல் வந்து நின்றது. சுகன்யா குழாயை மூடினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. பாட்டிலை இறுக்கி மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. அபிராமிக்கு என்ன தோன்றியதோ, போகிறவளை நிறுத்தினாள்.

"மூணு டம்ளர் குடிச்சிருக்கே. போறதுக்கு முன்னாடி டாய்லெட் போயிட்டுப் போயேன் சுகன்யா. இப்ப யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

சுகன்யா பின்வாசல் படியிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டினாள்.

"வேணாங்கக்கா. நான் எங்க வூட்டுல போய்க்கறனுங்க."